எதிர்கால லட்சியம், ஐந்நூறு வார்த்தைகளுக்குள்

ஆகஸ்ட் 11, திங்கள்

நுழைவுத் தேர்வு மார்க் வந்துவிட்டது. நானே எதிர்பார்க்காத மார்க். பெயிண்ட் ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன். அதற்குள் எங்களிடம் பஸ் கட்டக் கொடுத்திருக்கும் பாலக்காட்டுக்காரர் போன் மேல் போன். பஸ்ஸுக்குள்ளே விளக்கெல்லாம் நீலமாக எரிய வேண்டுமாம். போன வாரம்தான் பச்சை என்றார். பஸ்ஸா கல்யாண மண்டபமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. "செஞ்சர்லாங்க" என்றேன்.

அப்பாவிடம் மார்க்கைச் சொன்னேன். "என்ற பொண்ணாச்சே" என்று பக்கத்தில் நின்ற வெல்டரின் முதுகில் தட்டினார். எனக்கு அது போதும், இன்றைக்கு.

பெங்களூர் எம்.பி.ஏ. காலேஜ் விண்ணப்பத்தில் நான் யார், என்ன செய்கிறேன், எதிர்கால லட்சியம் என்ன என்றெல்லாம் ஐந்நூறு வார்த்தைக்குள் எழுத வேண்டுமாம். இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன். கரூரில் எங்களுக்கு பஸ் பாடி கட்டும் பட்டறை. கம்பெனியிலிருந்து வெறும் இன்ஜினும் சக்கரமுமாக சேஸிஸ் வரும். அதன்மேல் கூடு கட்டி, தகடு அடித்து, சீட்டு போட்டு, பெயிண்ட் பூசி பஸ்ஸாக்கி அனுப்புவோம். முதலாளி அப்பா, சென்னியப்பன். நான் இந்துஜா, மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆறு வருடமாக இங்கேதான். டிசைன் வரைவது, விலை பேசுவது, ஆர்.டி.ஓ. ஆபீசில் மல்லுக்கட்டுவது எல்லாம் நான். தம்பி தருண் பி.காம். முடித்து மூன்று வருடமாகிறது. என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் அம்மா "பாத்துக்கிட்டு இருக்கறான்" என்று சொல்லும். எதைப் பார்க்கிறான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோவை போய் ஹேமலதா மேடத்தைப் பார்த்தேன். பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிறவர்களைத் தயார் செய்து அனுப்புவதுதான் அவர் தொழில். படிப்பு முடிந்ததும் பெரிய கன்சல்ட்டிங் கம்பெனியில் சேர்ந்து முன்னேறுவேன் என்று லட்சியம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத நீங்க நம்பறீங்களா?"

"எல்லாரும் இப்படித்தான எழுதறாங்க மேடம்?"

"அதனாலதான் எல்லாருக்கும் கிடைக்கறதில்ல. மார்க் உங்களைக் கதவு வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். அப்புறம் அவங்க பாக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்தப் பொண்ணு சொல்ற எடத்துக்கு இவ போய்ச் சேருவாளா? இதுவரைக்கும் செஞ்சதும் இனிமே செய்யப் போறதும் ஒட்டுதா? பஸ் பாடி கட்டறவங்களுக்கும் கன்சல்ட்டிங்குக்கும் என்ன ஒட்டு?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில் மளமளவென்று கொட்டிவிட்டேன். இனி வருவதெல்லாம் கரண்ட் பஸ். பேட்டரியே மலை மாதிரி கனக்கும். அதன்மேல் எங்கள் ஊர்க்காரர்கள் பழைய கனத்துக் கூட்டையே கட்டினால் வண்டி நகராது. எடை குறைந்த கூடு, டவுனுக்கும் மலைப் பாதைக்கும் சின்ன பஸ். அதைக் கட்ட முதலில் தயாராகிற பட்டறைதான் பிழைக்கும், மற்றதெல்லாம் பத்து வருடத்தில் தகரக் கடை. வரைபடம்கூட வைத்திருக்கிறேன் என்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுதாம்மா லட்சியம். இத மறைச்சு வெச்சுட்டு எவனோ எழுதுனத எடுத்துட்டு வந்திருக்கீங்க!" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஆனா பட்டறைய உங்க கையில குடுப்பாங்களா? தம்பி இருக்காருன்னு சொன்னீங்க" என்றார்.

எங்க அப்பா அந்த மாதிரி ஆளில்லைங்க என்றேன், வெடுக்கென்று. குடும்பத் தொழில் என்று எழுதினால் அந்தக் காலேஜில் வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டுப் பேசுவார்களாம். பேசட்டுமே.

ஆகஸ்ட் 25, திங்கள்

டீ நேரத்தில் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "அப்பா, நான் படிச்சுட்டு வந்தா பட்டறைய எங்கிட்டக் குடுப்பீங்களா? அப்படித்தான் எழுதப் போறேன். பொய்யா எழுத எனக்கு இஷ்டமில்லைங்க."

அப்பா டம்ளரை ஒரு சுற்று சுற்றினார். "எழுது சாமி. பட்டறை உனக்குத்தான். வேற ஆரு இருக்கறா?"

வெல்டர்கள் எல்லாரும் பார்க்க அழுதுவிட்டேன். தூசி என்று சொன்னேன். எவனும் நம்பியிருக்க மாட்டான்.

சாயங்காலம் அப்பா மேடத்தின் நம்பர் கேட்டார். பொண்ணுக்கு இவ்வளவு செய்கிறாரே, ஒரு வணக்கம் சொல்ல வேண்டாமா என்றார். கொடுத்தேன். வெளியே வேப்ப மரத்தடியில் நின்று வெகு நேரம் பேசினார். வணக்கம் சொல்ல இவ்வளவு நேரமா என்று கேலி செய்தேன். சிரித்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுதி முடித்துவிட்டேன். ஐந்நூறு வார்த்தைக்கு ஒன்று குறைவு. தலை விண்விண் என்று தெறிக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

பாலக்காட்டு பஸ் டெலிவரி. நீல விளக்கோடுதான். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம்: பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகு, பட்டறை முதலாளிதான் முதலில் வண்டியை எடுப்பார். வாசலைத் தாண்டி ரோட்டில் நிறுத்தி, இறங்கி, வாங்க வந்தவர் கையில் சாவியைக் கொடுப்பார். தாத்தா காலத்திலிருந்து அப்படி. அந்த ஒரு நிமிடத்துக்காகவே மூன்று வருடத்துக்கு முன்னால் நான் கனரக லைசென்ஸ் எடுத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் என்னைச் சர்க்கஸ் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

இன்று அப்பா சீட்டில் ஏறவில்லை. "தருணு, நீ எடுடா" என்றார்.

அப்பாவுக்கு முட்டி வலி. காலையிலேயே நொண்டிக்கொண்டிருந்தார். நான் அப்போது பூசணிக்காய்த் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் அவர் கண்ணில் அவன்தான் பட்டிருப்பான். அவன் கியரைக் கறகறவென்று போட்டு வாசல் தூணில் உரசாத குறையாக வெளியே எடுத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். பாலக்காட்டுக்காரர் "சின்ன முதலாளி" என்று கூப்பிட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். நீல விளக்கு யோசனை மாதிரியேதான் இதுவும், அந்த ஆளுக்கு விவஸ்தை கிடையாது.

அக்டோபர் 26, ஞாயிறு

காலேஜிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு! நவம்பர் எட்டு, பெங்களூரில். மேடத்துக்குப் போன் செய்து காது கிழியக் கத்தினேன். அவரும் கத்தினார்.

மத்தியானம் தாராபுரத்திலிருந்து ஒறம்பரை வந்தார்கள். அம்மாவுக்கு ஏதோ தூரத்துச் சொந்தமாம், ஸ்பின்னிங் மில் வைத்திருக்கிறார்கள். சேலை கட்டிக்கொண்டு வா என்று அம்மா உயிரை எடுத்தது. அந்த அம்மாள் என்னிடம் "பெங்களூர்ல படிக்கப் போறியாமா கண்ணு? எங்க பையனுக்கும் நல்லாப் படிச்ச பொண்ணாத்தான் வேணுமுங்குறான்" என்று சொல்லி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வந்தவர்களிடம் மூஞ்சியைக் காட்ட முடியுமா? பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்பா பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் வேலை இதெல்லாம்.

அவர்கள் போன பிறகு, நான் எழுதிய லட்சியத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார் அப்பா. "தம்பியும் படிக்கட்டும். அவனுக்கும் புத்தி வரட்டும்" என்றார். நல்ல யோசனை. வரைபடங்களையும் சேர்த்தே கொடுத்தேன். தருண் ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் அதைப் படித்தான். இவன் பிறந்ததிலிருந்து இதுவரை நடக்காத அதிசயம்.

நவம்பர் 8, சனி

பெங்களூர். மாலினி என்று ஒரு பேராசிரியை, வரதராஜன் என்று ஒரு பெரியவர். பெரியவர் அங்கேயே படித்து வெளிநாட்டில் கம்பெனி நடத்தியவராம். அலுமினியத்தின் எடையிலிருந்து ஆரம்பித்து, உன்னிடம் வாங்கும் ஆட்கள் யார், பேட்டரி விலை ஏறினால் என்ன செய்வாய், உன் ஊரில் இதே வேலையை நாற்பது பேர் செய்கிறார்களே என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கிண்டினார்கள். எனக்கு ஒரு நடுக்கமும் இல்லை. ஆறு வருடம் ராத்திரி பகலாக யோசித்ததைக் கேட்டால் எதற்கு நடுங்க வேண்டும்?

கடைசியில் பேராசிரியை சிரித்தார். "இன்று காலையிலிருந்து பன்னிரண்டு பேரிடம் லட்சியம் கேட்டோம். உனக்குத்தான் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிகிறது" என்றார். அடுத்த ஞாயிறு வீடியோவில் அப்பாவோடு பேசுவார்களாம். திரும்பி வரும் ரயிலில் ஒரு பாக்கெட் முறுக்கையும் நான் ஒருத்தியே தின்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கணினி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்காகத் தமிழிலேயே பேசினார்கள். பக்கத்தில் நான். அம்மா கதவோரம்.

பட்டறை, தாத்தா, முதல் பஸ், எல்லாம் நன்றாகத்தான் சொன்னார். பிறகு வரதராஜன் சார் கேட்டார்: "உங்க மகள் படிப்பு முடிச்சதும் நிர்வாகத்தை அவங்ககிட்ட ஒப்படைக்கறதா எழுதியிருக்காங்க. அதானே உங்க முடிவு?"

"படிச்சுட்டு வரட்டுமுங்க, பாக்கலாம்."

"கல்யாணம் ஆனாலும் அவங்கதான் நடத்துவாங்களா?"

"அது மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இஷ்டமுங்களே. நாம என்னங்க சொல்றது?"

நான் மேஜைக்குக் கீழே அவர் முழங்காலைத் தொட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் குறுக்கே புகுந்து, "அப்பா சொல்ல வர்றது என்னன்னா" என்று ஆரம்பித்தேன். "அவரே சொல்லட்டும்மா" என்றார் பேராசிரியை, மென்மையாகத்தான். அப்பா தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

பாவம், அப்பாவுக்கு இந்த மாதிரி ஆட்களிடம் பேசிப் பழக்கமில்லை. கேமராவைப் பார்த்ததும் பயந்துவிட்டார். நான்தான் முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இரவு அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் நானே செய்தேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பர் 27, வியாழன்

இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி

ஒரு வாரம் பட்டறைக்குப் போகவில்லை. அம்மா ரசம் வைத்துக் கொடுத்தது, காய்ச்சல்காரிக்கு வைப்பது போல. இன்று மேடம் போன் செய்தார். காலேஜில் விசாரித்தாராம். நேர்முகத்தில் எனக்குத்தான் முதலிடமாம். ஆனால் லட்சியத்துக்குக் காலில்லை என்றார்களாம். "குடும்பம் பட்டறையக் குடுக்காதுன்னு அவங்களுக்குத் தோணிருச்சும்மா. குடுக்கலேன்னா நீங்க எழுதுன அத்தனையும் கனவு. கனவுக்கு சீட்டுக் குடுக்க மாட்டாங்க."

அப்பாவுக்குப் பேசத் தெரியவில்லைங்க மேடம், வேறொன்றுமில்லை என்றேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன்மா" என்றார். "ஒடம்பப் பாத்துக்கங்க."

அப்பாவிடம் போய், "நீங்க வருத்தப்படாதீங்கப்பா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் பட்டறை ஆபீசுக்குள் போனேன். ஹேமலதா மேடம் உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் கோவையிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்து, பைத்தியக்காரி மாதிரி ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே தருண். மேஜைமேல் என் வரைபடங்கள்.

"தருணும் அதே காலேஜுக்கு எழுதறான் சாமி" என்றார் அப்பா. "பரிட்சை எழுதி மார்க்கும் வாங்கிட்டான். ரெண்டாவது ரவுண்டுன்னு ஒண்ணு இருக்குதாமா. மூணு வருசமா இங்க டைரக்டரா இருக்கறான்னு போட்டுக்கலாம்னு மேடம் சொல்றாங்க."

"என்னன்னு லட்சியம் எழுதறான்?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

தருண் மெதுவாக, "அக்கா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றான். சொன்னானாம். சொல்லிக் கிழித்தான்!

"உன்ற ப்ளானு ரொம்ப நல்லாயிருக்குதுன்னு அவங்களே சொல்றாங்க" என்றார் அப்பா. "அது வீணாப் போவோணுமா?"

"அது என்னுதுங்கப்பா."

"என்னுது உன்னுதுன்னு என்ன கண்ணு இது? ஒரே வூடு, ஒரே பட்டறை."

மேடத்தைப் பார்த்தேன். அவர் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "ஆகஸ்ட்லயே அப்பா எங்கிட்ட சொல்லிட்டாரும்மா, பட்டறை பையனுக்குத்தான்னு. சீட்டுக் கெடைக்கறதுக்காக இப்படி எழுதிக்கட்டும், பொண்ணு மனசு நோக வேண்டாம், கல்யாணத்துக்கும் ஆகும்னாரு. நெறைய வீட்டுல அப்படித்தான். காலேஜ்காரங்ககிட்ட அவரு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுவாருன்னு நெனச்சேன்."

ஆகஸ்டிலேயே! அதற்குப் பிறகும் நான் ஒவ்வொரு வரியாக மேடத்துக்குப் படித்துக் காட்டினேனே. "இந்த எடத்துல அப்பாவப் பத்தி இன்னும் ரெண்டு வரி சேருங்க" என்று திருத்தம்கூடச் சொன்னாரே!

எல்லாரும் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். "சரி, பட்டறை அவனுக்குத்தான். அது உங்க இஷ்டம். அந்த ஞாயித்துக்கெழமை ஏனுங்கப்பா அப்படிப் பேசுனீங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சீட்டாவது கெடைச்சிருக்குமே?"

அவர் மேஜைமேல் கிடந்த வரைபடங்களை அடுக்கினார். "படிச்சவங்க முன்னால உக்காந்துக்கிட்டு, நடக்காதத நடக்கும்னு சொல்ல எனக்கு நாக்கு வரல சாமி. அவனுக்குன்னா நெஞ்சத் தொட்டுச் சொல்லுவேன்."

"எங்கிட்டச் சொல்றப்ப மட்டும் நாக்கு வந்துச்சுங்களா?"

எழுந்து வெளியே போய்விட்டார். முட்டி வலியெல்லாம் ஒன்றுமில்லை, விறுவிறுவென்றுதான் நடந்தார்.

எவனோ முன்பின் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருப்பேன். பெற்ற அப்பா காதில் பூ சுற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது? முட்டாள், முட்டாள், முட்டாள். அரிசிம்பருப்பு சாதம் வேறு ஆக்கிப் போட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

பட்டறைக்குப் போனேன். சேஸிஸ் இரண்டு வந்திருந்தது. யாராவது சரிபார்த்து வாங்க வேண்டுமே.

ஜனவரி 18, ஞாயிறு

தருணுக்கு நேர்முக அழைப்பு வந்துவிட்டது. கொஞ்சம் சொல்லிக்கொடு என்று அம்மா கெஞ்சுகிறது. "நீதான அந்தக் கேள்வியெல்லாம் பாத்தவ? தம்பிக்குச் செய்யாம வேற ஆருக்குச் செய்யப்போற?"

"அம்மா, உனக்கும் தெரியுமா? முன்னாலயே?"

அம்மா அடுப்பைத் துடைத்தது. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது. "உங்கப்பன் சொல்றதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தாராபுரத்துக்காரங்க இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாங்க. எம்.பி.ஏ. இல்லாட்டியும் பரவால்லைங்கறாங்க" என்றது, ஆறுதல் சொல்வது போல.

தருணை உட்கார வைத்துக் கேட்டேன். உன் லட்சியம் என்ன? கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். நான் காற்புள்ளி வைத்த இடத்தில் மூச்சு விட்டான். பேட்டரியின் கனம் கூட்டின் எந்த இடத்தில் இறங்கும் என்று கேட்டேன். முழித்தான். "அக்கா, அத நீதான பாத்துக்குவ?" என்றான். அவன் குதர்க்கமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது.

பிப்ரவரி 7, சனி

நேர்முகத்தைத் தருண் எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். இன்று வீட்டோடு வீடியோ. அதே பேராசிரியை, அதே வரதராஜன் சார். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் குரலைக் கேட்க வேண்டுமே! "ஆமாங்க. அவன்தானுங்க முதலாளி. இன்னிக்கே எழுதித் தரச் சொன்னாலும் தர்றனுங்க." கணீர் கணீர் என்று. கேமரா பயமெல்லாம் எங்கே போனதோ.

"தருண் ஒரு வருஷம் இங்க இருப்பாரே, அங்க யார் பாத்துப்பாங்க?" என்றார் பெரியவர்.

"என்ற பொண்ணு இருக்குதுங்க. எல்லாம் அதுதாங்க பாத்துக்கும்." என்னைக் கூப்பிட்டார். கையில் துண்டோடு போய் நின்றேன்.

பேராசிரியைக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது. "இந்துஜா, உன் தம்பி எழுதியதைப் படித்தோம். எங்கேயோ கேட்டது போல இருந்தது. யாருடைய திட்டம் இது?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பாவுக்கும் புரியட்டும் என்று நான் தமிழிலேயே சொன்னேன். "திட்டம் என்னுதுங்க மேடம். பட்டறை அவனுது."

அப்பா என்னைப் பார்த்த பார்வை! நான் அவரையே பார்த்தேன்.

வரதராஜன் சார்தான் முதலில் பேசினார். மனிதர் சந்தோஷமாகச் சிரித்தார். "நல்லதுதானே! ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கு. தம்பி இங்க படிக்கட்டும், நீங்க அங்க வேலையை ஆரம்பிச்சுடுங்க. இந்த மாதிரி ஒத்துமையான குடும்பம் கெடைக்கறது அபூர்வம்." பேராசிரியை குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

எனக்குக் காலில்லை என்றார்கள். அவனுக்குக் கால் முளைத்துவிட்டது, அந்தக் கால் நான்.

பிப்ரவரி 19, வியாழன்

ஓசூர் போய் வந்தேன். சாமி கும்பிடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அங்கே கரண்ட் பஸ் கட்டுகிற ஒரு கம்பெனி இருக்கிறது. வரைபடங்களைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். அப்பாவைக் கூப்பிடச் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

தருணுக்குச் சீட்டுக் கிடைத்துவிட்டது. பட்டறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு. வெல்டர் என்னிடம் கொண்டுவந்து நீட்டிவிட்டு, "உங்களுக்குத்தான் கெடைக்கும்னு நாங்க நெனச்சமுங்கம்மிணி" என்றார். எடுத்துக்கொண்டேன். நெய் நன்றாகத்தான் விட்டிருந்தார்கள்.

மார்ச் 18, புதன்

ஓசூரிலிருந்து கடிதம் வந்தது. வேலை கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் பதிமூன்றில் சேர வேண்டும். வீட்டில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார்களா?

ஏப்ரல் 12, ஞாயிறு

ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, போகட்டும்.

இன்று காலை தருண் பெங்களூர் கிளம்பினான். வழியனுப்ப ஒறம்பரை நிறைந்திருந்தது, தாராபுரத்துக்காரர்கள் உட்பட. அவன் பெட்டியை வாசலில் வைத்தார்கள். நானும் உள்ளே போய் என் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். தம்பியைக் கொண்டு போய் விடப் போகிறாள் என்று அத்தை யாரோ மெச்சிக்கொண்டார்கள்.

அப்பா எல்லார் முன்னாலும் பட்டறைச் சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார். "ஒரு வருசத்துக்கு நீதான் சாமி முதலாளி. தம்பி வர்ற வரைக்கும் பாத்துக்க."

எத்தனை வருடம் அந்தச் சாவிக்குக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினார், இனிப்புக் கொடுப்பது போல. நான் கையை நீட்டவில்லை.

"நான் ஓசூர்ல வேலைக்குச் சேர்றனுங்கப்பா. நாளைக்கே சேரோணும்."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். அம்மா "ஐயோ, ஒறம்பரை முன்னால என்னடி பேச்சு இது?" என்று என் தோளைப் பிடித்தது. தருண் பெட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தான், அப்பா சாவியைப் பார்த்தார்.

ஏன் போகிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். போகாதே என்று சொல்வார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

"அப்போ பட்டறைய ஆரு பாத்துக்கறது?" என்றார்.

என்னைக் கேட்கவில்லை. தருணையும் கேட்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கேட்டார். இந்த ஆறு வருடத்தில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் தோப்பூர் கணவாயைத் தாண்டிவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.